எழுபது கிலோ மகனுக்கு

உன் உயிரை எடுத்து இன்னொருத்தியின் கைப்பையில் போட்டுவிட்டாய்.

வருத்தத்தில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சீப்பு, பஸ் பாஸ், பாதி தீர்ந்த பபிள்கம் பாக்கெட், அதற்கு நடுவே அந்தச் சின்ன மருந்து பாட்டில். உனக்கு வலிப்பு வந்து ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மூக்கில் அடிக்க வேண்டிய மருந்து. நீ சிலேட்டு தூக்கிய காலத்திலிருந்து அந்த வேலை என்னுடையது. என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டாய். இங்கே ஷூ கம்பெனியில் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தினால்கூட கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை சொல்வார்கள். நீ அதுவும் சொல்லவில்லை.

இதை ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் "ம்மா, ஆபீஸ்ல இருக்கேன்" என்கிறாய். நேரில் வந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆம்பூரிலிருந்து வேலூர் வரைக்கும் இந்த நோயைத் தலையணைக்குக் கீழே வைத்து மறைக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. அவள் பெயரை மட்டும் எழுதுகிறேன். ஷாலினி. பொறாமைப்பட்டால் பெயர் சொல்லிப் பொறாமைப்பட வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, எதையும் உடாதீங்க" என்று சிரித்தாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த மாதம் பாகாயத்தில் அவளுக்கும் உனக்கும் கல்யாணம். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

உனக்கு முதல் முறை வந்தபோது எனக்கே இருபத்தைந்து வயது முடியவில்லை. தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தாய். உன் அப்பா ஓடி வந்து கால் செருப்பைக் கழற்றி உன் மூக்கில் வைத்தார். எதிர்வீட்டுக்காரர், "ரப்பர் செருப்பு வேலைக்கு ஆவாதுப்பா, தோலு கொண்டாங்க" என்றார். மற்ற ஊர்களில் வலிப்பு வந்தால் செருப்போடு விடுவார்கள். நம் ஊரில் தோல் ஷெட்டுக்கே ஆள் ஓடும். தொட்டியிலிருந்து எடுத்த ஈரத் தோல் ஒரு துண்டு, நீலமாக, மருந்து நாற்றத்தோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது. அதை உன் முகத்தில் வைத்து அமுக்கினார்கள். உன் வாயிலிருந்து வந்த நுரையும் அந்தத் தண்ணீரும் ஒன்றாக வழிந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ராத்திரி பகல் தோல் வேலை செய்கிறவர்கள். என்னோடு ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற லைனில் இருந்த ரஜியா அன்று சாயங்காலம் வந்து உன் தலையைத் தடவிவிட்டுச் சொன்னாள்: "அட பேஜாரு புடிச்சதுங்களா, தோல் வாசனைக்கு ஃபிட்ஸ் நிக்கும்னா நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் அது வரவே கூடாதுடி. நாமதான் பொறந்ததுல இருந்து மோந்துகினு கெடக்கோமே." அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். மறுநாள் அவள்தான் என்னைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அந்த டாக்டர்தான் எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. கை காலைப் பிடித்து அமுக்காதே. கடிகாரத்தைப் பார். தானாக நின்றால் சரி. ஐந்து நிமிடம் தாண்டினால் அது தானாக நிற்கிற வலிப்பு இல்லை, தாண்டத் தாண்ட மருந்துக்கும் அடங்காது, ஆகவே மருந்து வீட்டிலேயே உள்ளே போக வேண்டும். அந்த மருந்து டயசெபாம். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து ஆசனவாய் வழியாக ஏற்ற வேண்டும். நான் தையல் மெஷினில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் தோல் தைக்கிறவள். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு நேரம் ஆகவில்லை. கதவைச் சாத்துவேன், உன் அப்பாவைக்கூட வெளியே நிற்கச் சொல்வேன், உன் டிரவுசரை இறக்கி மருந்தை ஏற்றிவிட்டு உன்னை மடியில் சாய்த்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் உன் உடம்பு தளர்ந்து என் மேல் கனமாகச் சாயும். உலகத்தில் வேறு எவளும் செய்ய முடியாத வேலை என்று எனக்கு ஒரு கர்வம். உன்னைப் பெற்றதைவிட அதில்தான் நான் உன் அம்மாவாக இருந்தேன்.

ஒரு தடவை அந்த மருந்துக்கும் நிற்கவில்லை. தெருக்கோடியிலிருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே நரம்பில் ஊசி போட்டார்கள், பிறகு மறுபடியும் போட்டார்கள். வலிப்பு நின்றது. கூடவே மூச்சும் நின்றது போல் ஆகிவிட்டது. உன் உதடு நாவற்பழம் மாதிரி கறுத்தது. ஒரு நர்ஸ் பலூன் மாதிரி ஒன்றை உன் முகத்தில் வைத்து அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்தாள். நீ திரும்பி வந்தாய். நான் முழுதாகத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து வலிப்பைக் கண்டு பயந்ததைவிட மருந்தைக் கண்டுதான் அதிகம் பயந்தேன். இது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள், பின்னால் நடந்தது இதிலிருந்துதான் வந்தது.

பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் மயக்கம் தெளிந்து எழுந்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "செத்தாலும் பரவால்ல. இனிமே எனக்கு அத செய்யாதம்மா" என்றாய். மீசை முளைத்த பையன். நீ சொன்னது நியாயம்தான். வளர்ந்தவனுக்கு மானமும் உடம்பில் ஒரு பாகம். டாக்டரிடம் சொன்னேன், மூக்கில் அடிக்கிற மிடசோலம் எழுதிக்கொடுத்தார். பேண்டைத் தொட வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம், பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ எங்கே விழுந்தாலும் தலையைச் சாய்த்து மூக்கில் அடிக்கலாம். இப்போது பெரியவர்களுக்கும் வீட்டில் கொடுக்க வசதியானது அதுதான் என்கிறார்கள். யாரும் கற்றுக்கொள்ளலாம், யாரும் செய்யலாம். எல்லாருக்கும் அது நல்ல செய்தி. எனக்கு மட்டும் அந்த "யாரும்" என்ற சொல் குத்தியது. அன்றைக்கே தெரியும், ஒரு நாள் அந்த "யாரும்" ஒரு முகத்தோடு நம் வீட்டுக்கு வரும் என்று.

அதற்கு முன்னால் கம்பெனி வந்தது. பி.காம் முடித்து, எங்கள் ஷூ கம்பெனியிலேயே பெட்டி கட்டி அனுப்புகிற டிஸ்பாட்ச் செக்ஷனில் சேர்ந்தாய். உனக்கு வலிப்பு உண்டு என்று சொல்லிச் சேர் என்றேன். "சொன்னா எவன்மா வேலை குடுப்பான்?" என்றாய். நீயும் சரிதான், நானும் சரிதான், தப்பு எங்கே இருந்தது என்றால் கம்பெனி கேட்டில் இருந்தது. உள்ளே போகும்போது பையைக் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் பூட்டுவார்கள். தோல் துண்டைத் திருடிவிடுவோமாம். வெளிநாட்டுக்காரன் காலில் போகிற ஷூவை நாம் திருடி எங்கே போட்டுக்கொண்டு நடக்கப்போகிறோம்? உன் மருந்து அந்தப் பையில் இருந்தது. சாவி செக்யூரிட்டியிடம் இருந்தது. செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருந்தான். நீ அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே விழுந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஒரு புது எக்ஸ்போர்ட் ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து உன் மூக்கில் வைத்தாராம். சின்ன வயதில் உனக்குக் கிடைத்தது ஈரத் தோல். படித்த பிறகு பாலிஷ் போட்ட தோல். இதுதான் இந்த ஊர் நமக்குக் கொடுத்த முன்னேற்றம். இன்னொருவன் உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தான். இன்னொருவன் போனில் படம் எடுத்தான். போன் மட்டும் எப்படி உள்ளே வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் பக்கத்து யூனிட்டிலிருந்து ஓடி வந்தபோது நீ இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாய். ஆம்புலன்ஸ்காரன்தான் தொடையில் ஊசி போட்டு நிறுத்தினான். நரம்பு கிடைக்காத இடத்தில் அப்படிப் போடலாம், நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மறுநாள் எச்.ஆரில் போய்க் கேட்டேன்: "ஃபர்ஸ்ட் எய்டு பெட்டில அந்த மருந்து ஒண்ணு வச்சா இன்னா சார்? இல்ல, இவன் பாக்கெட்ல வச்சிக்கவாவது உடுங்க." அவர் என்னைப் பார்க்காமலே, "அதெல்லாம் டாக்டர் சீட்டு இருந்தாதான் வைக்க முடியும்மா. பாலிசி இருக்கு" என்றார். அந்தப் பெட்டியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் சோதிக்க வருகிற ஆடிட் அன்று நிரம்பியிருக்கும், ஆடிட்காரன் போனதும் காலியாகும். எங்களுக்கு மாஸ்க்கும் கையுறையும் அப்படித்தான், காலையில் கொடுத்துச் சாயங்காலம் வாங்கிக்கொள்வார்கள். அந்த வாரமே உன்னை "உடம்பு சரியானதும் வாப்பா" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு சரியானது. அவர்கள் கூப்பிடவில்லை. நீ காட்பாடியில் ஒரு கணக்கு ஆபீசில் சேர்ந்தாய். அங்கேதான் அவள் இருந்தாள்.

ஷாலினியிடம் நீ நோயைச் சொன்ன கதையை நீதான் எனக்குச் சொன்னாய். பெண் வீட்டாரிடம் மறைக்கலாமா, சொல்லலாமா என்று நானும் உன் அப்பாவும் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தோம். நீ டீக்கடையில் நின்றுகொண்டு, "எனக்கு ஃபிட்ஸ் வரும்" என்று ஒரே வரியில் சொன்னாயாம். அவள், "சரி. வந்தா இன்னா பண்ணணும்?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான். நான் அழுது, வேண்டி, அமிர்தி காட்டுப் பக்கம் எவனோ வேர் கொடுக்கிறான் என்று அலைந்து, வருஷக்கணக்கில் சேர்த்த இடத்தை அவள் ஒரு கேள்வியில் வாங்கிக்கொண்டாள். கேட்டபோது நான் சந்தோஷப்பட்டதாக நடித்தேன். ராணிப்பேட்டை தாண்டி நெமிலி வரைக்கும் அலைந்தாலும் இப்படி ஒரு பெண் கிடைக்காது என்று உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர், "அப்புறம் ஏன்டி தோசைய இப்டி போட்டு அடிக்கிற?" என்றார்.

பெரிய டாக்டரிடம் போக வேண்டிய வயது எப்போதோ தாண்டிவிட்டது, பழகிய டாக்டரை விடாமல் போய்க்கொண்டிருந்தோம். சின்னப் பிள்ளை டாக்டர், "இனி இவரை நான் பார்க்க முடியாது, பெரியவங்க நியூராலஜி போங்க" என்று எழுதிக்கொடுத்தார். நீ போன அன்று நான் லீவு கேட்டேன். ஷிப்மெண்ட் நேரம். எங்கள் லைன் சூப்பர்வைசர், "உன் பையன் இன்னா பாப்பாவா? மீசை வச்சவன கைய புடிச்சி கூட்டினு போவியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். லைன் முழுக்கச் சிரித்தது. ரஜியா மட்டும், "உங்கள உங்க சம்சாரம்தானே சார் தெனம் கேட்டுக்கே கொண்டாந்து உடுது" என்றாள். அவர் லீவு கொடுக்கவில்லை. ஷாலினிக்கு ஆபீசில் ஒரு மெயில் அனுப்பினால் லீவு. அவள் உன்னோடு போனாள். டாக்டர் உன் எடையைப் பார்த்து, வீட்டில் எந்த மருந்து, எத்தனை முறை அடிக்க வேண்டும், நிற்காவிட்டால் எப்போது ஆம்புலன்ஸ் என்று புதிதாக எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு. என் இடம் எங்கே போயிற்று என்று கேட்டால், அங்கேதான் போயிற்று. நான் அன்பில் தோற்கவில்லை, லீவில் தோற்றேன். இதை எந்த மாமியார் கதையிலும் எழுதமாட்டார்கள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை, நிச்சயதார்த்தம் முடிந்து ஷாலினி நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாள். மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவன் குழாயடியிலேயே விழுந்தாய். நான் உன்னைத் திருப்பிப் படுக்க வைத்தேன். அவள் உன் தலைக்குக் கீழே தன் துப்பட்டாவைச் சுருட்டி வைத்தாள், போனை எடுத்து நேரம் பார்த்தாள். நிற்கவில்லை. அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அதை நான் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். ஒரு மூக்குத் துளையில் ஒன்று, இன்னொன்றில் ஒன்று அடித்துவிட்டு மூடியைப் போட்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அதுதான் உன் அளவு.

"அத்தை, அது பத்தாது" என்றாள். நிச்சயதார்த்தம் வரைக்கும் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டவள் அன்றுதான் முதலில் "அத்தை" என்றாள்.

"பத்தும். தானா நிக்கும். உனக்கு பழக்கம் இல்ல."

"அது ஸ்கூல்ல படிக்கறப்ப சொன்ன அளவு அத்தை. இவரு இப்ப எழுபது கிலோ."

"என் புள்ள எத்தினி கிலோன்னு நீ எனக்கு சொல்றியா?"

"அத்தை, குடுங்க. டைம் போவுது."

"ஜாஸ்தி அடிச்சி மூச்சு நின்னா? நீ குடுப்பியா மூச்சு?"

நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே தரையில் அடித்துக்கொண்டு கிடந்தாய், நாங்கள் உன் மேலே ஒரு பாட்டிலுக்காகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். உன் அப்பா கதவருகே நின்று கத்தினார்: "அறிவு கெட்டவளே, அந்த பொண்ணு கையில குடுடி!" கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னை அப்படிப் பேசியதில்லை. என் பிடி தளர்ந்தது. அவள் வாங்கினாள், டாக்டர் சொன்னபடி மீதியை அடித்தாள், உன் அப்பாவிடம் 108-க்குப் போன் போடச் சொன்னாள். மூடியைத் திரும்பப் போடும்போது தரையில் தவறவிட்டாள். அதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு உன் உடம்பு தளர்ந்தது. கனமாகச் சாய்ந்தாய். அவள் மடியில்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டு வெட்கத்தைவிட இது முக்கியம். நான் செய்ததைத்தான் இந்தப் பக்கத்தில் எத்தனையோ அம்மாக்கள் செய்துகொண்டிருப்பார்கள். பிள்ளைக்குச் சட்டை அளவு மாறுகிறது, செருப்பு அளவு மாறுகிறது, மருந்து அளவு மட்டும் நம் நெஞ்சில் அரை டிரவுசர் போட்டுக்கொண்டே நிற்கிறது. குறைவாகக் கொடுத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். குறைவாகக் கொடுத்தால் மருந்து உள்ளே போனதாக நமக்கு ஒரு நிம்மதி, வலிப்புக்கு ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்கு நடக்கும். அரை மருந்து மருந்தே இல்லை. உங்கள் பிள்ளைக்கு இன்றைய எடைக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் போய்க் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அளவும் வேண்டாம், பழைய அளவும் வேண்டாம்.

ஆம்புலன்சில் உனக்கு மறுபடி ஆரம்பித்தது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் உன்னை இறக்கினார்கள். டூட்டியில் ஒரு சின்ன டாக்டர், உன் வயதுதான் இருக்கும். கையில் நரம்பு கிடைத்ததும் லோராசிபாம் போட்டார். கையில் நரம்பு கிடைத்தால் இது, கிடைக்காவிட்டால் சதையில் மிடசோலம், எதுவானாலும் முழு அளவில், சீக்கிரம், அதுதான் முக்கியம் என்று பக்கத்தில் நின்ற மாணவிக்குச் சொல்லிக்கொண்டே போட்டார். நான் நடுவே புகுந்தேன். "சார், ஏற்கெனவே மூக்குல நெறைய அடிச்சிருக்கு. மூச்சு நின்னுடப் போவுது." அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்: "மூச்சை நாங்க பாத்துக்கிட்டேதாம்மா இருக்கோம், ஆக்சிஜன் ஓடுது, கருவி பக்கத்துல இருக்கு. மருந்து மூச்சைக் குறைக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா நிக்காத ஃபிட்ஸ் அதைவிட மோசமா மூச்சை நிறுத்தும்." அந்தக் கிளினிக்கில் உன் உதடு கறுத்தபோது இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு யாராவது சொல்லியிருந்தால், நான் இத்தனை வருஷம் தப்பான ஆளுக்குப் பயந்திருக்கமாட்டேன். ஏழைக்கு மருந்து கொடுக்கிறார்கள், விளக்கம் கொடுப்பதில்லை.

கை கால் நின்றது. ஆனால் நீ கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி வராமல் இருக்க இரண்டாவது மருந்து ஏற்ற வேண்டும் என்றார். "மூணு மருந்து இருக்கு. லெவெடிரசிட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட். நிறுத்துறதுல மூணும் ஏறக்குறைய ஒண்ணுதான். அவருக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு பாத்துதான் எடுக்கணும். லிவர் பிரச்சினை இருக்கா? இதயம்? முன்னாடி ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" கேட்டது ஷாலினியிடம். டாக்டர்கள் எப்போதும் இங்கிலீஷ் தெரிந்த முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவள், "இப்ப சாப்பிடற மாத்திரை தெரியும் சார், கல்லீரல் டெஸ்ட் போன மாசம் நார்மல். முன்னாடி..." என்று சொல்லிவிட்டு நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஃபெனிடாயின் வேணாம் சார்" என்றேன். "ஆறாவது படிக்கும்போது குடுத்தாங்க. ஒடம்பு பூரா செவந்து தடிச்சி, வாயெல்லாம் புண்ணாயி, தோல் உரிஞ்சிச்சி. ரெண்டு வாரம் வாழை எலையில படுக்க வச்சிருந்தேன்."

டாக்டர் கை நின்றது. "நல்ல வேளை சொன்னீங்க. ஃபாஸ்ஃபெனிடாயினும் அதே குடும்பம்தான், அப்ப அந்தப் பக்கமே போக வேணாம்" என்று சொல்லி லெவெடிரசிட்டம் ஏற்றச் சொன்னார். ஷாலினியின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். மறைக்கவில்லை, பார்ப்பதற்காகவே திரும்பினேன். நீ அவளுக்கு உன் எடையைச் சொல்லியிருக்கிறாய், உன் மாத்திரையைச் சொல்லியிருக்கிறாய், டீக்கடையில் ஒரே வரியில் உன் நோயைச் சொல்லியிருக்கிறாய். உன் தோல் உரிந்ததைச் சொல்லவில்லை. எந்த மருந்தால் என்று உனக்கே நினைவில்லை. அது என்னிடம்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடம் நான் ஜெயித்தேன். நீ கண்ணைத் திறக்காமல் கிடந்தாய், நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். பொறாமை அப்படித்தான், இடம் பார்க்காது. பிறகு அவள் என் கையைப் பிடித்து, "இத எனக்கு யாருமே சொல்லல அத்தை" என்று அழுதபோது, அந்த ஜெயிப்பும் கையிலிருந்து போய்விட்டது. எனக்கு இதிலும் பிழைக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் நீ கண்ணைத் திறந்தாய். இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கம் நின்றோம். முதலில் யாரைப் பார்ப்பாய் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். நீ மேலே ஃபேனைப் பார்த்தாய்.

உனக்கு நான் அறிவுரை சொல்ல வேண்டிய நேரம் இது, கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மாக்கள் சொல்வது. மனைவியை மரியாதையாக நடத்து என்றெல்லாம் சொல்லமாட்டேன், அது உனக்குத் தெரியும். நான் சொல்வது வேறு. இனி எந்தப் புது ஆபீசில் சேர்ந்தாலும் முதல் நாளே நோயைச் சொல். மருந்தைப் பையில் வைக்காதே, சட்டைப் பையில் வை, பக்கத்து நாற்காலிக்காரனுக்கும் கற்றுக்கொடு. உன் உயிரை ஒரே ஆளிடம் கொடுக்காதே. என்னிடம் மட்டும் இருந்தபோது அது தப்பாக இருந்தது. அவளிடம் மட்டும் இருந்தாலும் அதே தப்புதான். அவளும் ஒரு நாள் டீ குடிக்கப் போவாள், காய்ச்சலில் படுப்பாள், பிள்ளை பெறப் போவாள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, மாத்திரையைத் தவறவிடாதே. கல்யாண வேலையில் தவறும், அதனால்தான் இப்போதே சொல்கிறேன். பைக் ஓட்டாதே. ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் உன்னிடம் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு பாகாயத்தில் வீடு பார்த்திருக்கிறீர்கள், சரி, போங்கள். ஆனால் ஆம்பூருக்கும் வருவாய் அல்லவா, என் வீட்டில் சாப்பிடுவாய், தூங்குவாய். அப்போது வந்தால்? "ஷாலினி கூட இருப்பாம்மா" என்றாய். அவள் இல்லாவிட்டால்? "நீ பயப்படுவம்மா, உட்று" என்றாய். ஆமாம், பயப்பட்டேன். பயப்பட்டவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், கதவுக்கு வெளியே நிற்கவைக்கக் கூடாது. அடுத்த முறை அந்த டாக்டர் அறைக்கு நானும் வருவேன். லீவு கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருவேன். இன்னொரு பாட்டில் எழுதி வாங்கிக்கொள்வேன், என் வீட்டில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டிலை எத்தனை முறை அழுத்தினாள் என்று நான் எண்ணவில்லை. என் கண் உன் உதட்டில் இருந்தது, நிறம் மாறுகிறதா என்று. அவளைக் கேட்டால் உடனே சொல்வாள், தாளில் படம் போட்டே கொடுப்பாள். அவளைக் கேட்கமாட்டேன். உன் வாயால்தான் எனக்கு வேண்டும். நீ வளர்ந்துவிட்டாய் என்று நீதான் என்னிடம் சொல்ல வேண்டும், எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

அவள் இல்லாத ஒரு நாளில் என் எதிரே நீ விழுந்தால், நான் எத்தனை முறை அழுத்த வேண்டும்? சொல்.